கடல் குரங்கு, எக்ஸ்ரே கண்ணாடி, மூணு டப்பா பவுடர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க. முக்கால்வாசி பழைய காமிக்ஸ் பத்திதான் இருக்கும். "டாக்டருக்கு இன்னிக்கு ஓ.பி.யில கூட்டம் இல்ல போல"ன்னு நினைச்சுடாதீங்க. கொஞ்சம் பொறுத்தா ஒரு பையனோட மணிக்கட்டு எக்ஸ்ரே வரும். அதுக்காகத்தான் இவ்வளவும்.

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். பரண்ல முப்பது வருஷமா தூங்கிட்டிருந்த டிரங்குப் பெட்டி கீழ இறங்குச்சு. திறந்தா பூச்சி உருண்டை வாசனை. மேல முத்து காமிக்ஸ், அதுக்குக் கீழ இந்திரஜால், அதுக்கும் கீழ அட்டை கிழிஞ்ச அமெரிக்க காமிக்ஸ் ஒரு பதினஞ்சு. எல்லாம் மூர் மார்க்கெட் சரக்கு.

இளைய தலைமுறைக்கு ஒரு குறிப்பு: சென்னை சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்னு செங்கல் நிறத்துல ஒரு பெரிய கட்டடம் இருந்துச்சு. பழைய புத்தகத்துக்கு அதுதான் எங்களுக்கு சொர்க்கம். 1985 மே மாசம் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. இப்போ அந்த இடத்துலதான் புறநகர் ரயில் ஏறுறீங்க. எந்த வெள்ளைக்காரப் பிள்ளையோ படிச்சுட்டுத் தூக்கிப் போட்ட சூப்பர்மேன், கப்பல் ஏறி வந்து, மூர் மார்க்கெட் பிளாட்பாரத்துல எட்டணாவுக்குக் கிடைக்கும். பேரம் பேசினா ரெண்டு.

அப்போ எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால கதை பாதிதான் புரியும். ஆனா விளம்பரம் முழுசா புரிஞ்சுது. எழுதினவன் எமகாதகன்! பன்னிரண்டு வயசுப் பையனுக்கு என்ன வேணும்னு அந்தப் பையனோட அம்மா அப்பாவை விட அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு.

நம்ம ஊர் காமிக்ஸ்ல இந்த அளவுக்கு வில்லங்கம் கிடையாது. தமிழ் காமிக்ஸ்ல என் ஞாபகத்துல நிக்கிற விளம்பரம் எல்லாம் அவங்க அடுத்த புத்தகத்துக்கானதுதான். "விரைவில் வருகிறது"ன்னு போட்டு நம்மளைக் காய விடுவாங்க. இந்திரஜால்ல மிட்டாய், பிஸ்கட் விளம்பரம் வரும். இதுல ஒரு வேடிக்கை உண்டு. எங்க வேதாளர் மதுக்கடைக்குள்ள போனாலும் பால்தான் குடிப்பார். அவ்வளவு ஒழுக்கம். ஆனா அவரோட ஆங்கிலப் பேர்ல பெட்டிக்கடையில வித்தது என்ன தெரியுமா? பேண்டம் ஸ்வீட் சிகரெட்! வெள்ளைக் குச்சி, நுனியில சிவப்பு. குளிர்காலத்துல வாயில வெச்சு ஆவி விட்டுத் திரிஞ்ச பயலுங்கள்ல நானும் ஒருத்தன். இன்னிக்கு அதே ஆள்தான் உங்க பிள்ளைக்கு வீசிங் மருந்து எழுதித் தர்றேன்.

சரி, அமெரிக்கச் சரக்குக்கு வருவோம்.

முதல்ல கடல் குரங்கு. சீ மங்கீஸ். படத்துல ஒரு குடும்பமே நிக்கும். அப்பா, அம்மா, பிள்ளைங்க. தலையில கிரீடம் மாதிரி மூணு கொம்பு, நீளமான வால், முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பின்னாடி ஒரு கோட்டை வேற. தண்ணியில பொடியைப் போட்டா உடனே உயிர் வரும்னு போட்டிருக்கும். எனக்கு அந்தக் குடும்பத்து மேல பொறாமையே உண்டு. எங்க வீட்டுல யாரும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

உள்ள இருந்தது என்ன? ஆர்ட்டீமியா. உப்புத்தண்ணியில வாழுற ஒரு வகைக் குட்டி இறால். நகம் அளவுக்குக்கூட வளராது. அதோட முட்டை காய்ஞ்சு போய் வருஷக்கணக்கா தூசி மாதிரி கிடக்கும், தண்ணி பட்டா பொரியும். அது நிஜமாவே இயற்கையோட அதிசயம்தான். இதை 1957-ல வியாபாரமா யோசிச்சவர் ஹரால்ட் வான் பிரான்ஹட். முதல்ல "இன்ஸ்டன்ட் லைஃப்"னு 49 சென்ட்டுக்கு வித்தார். அப்புறம்தான் பேர் மாத்தினார். மனுஷனோட தந்திரத்தைக் கேளுங்க. ரெண்டு பாக்கெட் வரும். முதல் பாக்கெட் "தண்ணியைச் சுத்தம் பண்ற பொடி". அதைப் போட்டு ஒரு நாள் காத்திருக்கணும். அடுத்த நாள் "முட்டை" பாக்கெட்டைப் போட்டவுடனே குட்டிகள் நீந்தும். விஷயம் என்னன்னா, முட்டை முதல் பாக்கெட்லயே இருக்கும். ஒரு நாள்ல அது பாட்டுக்குப் பொரிஞ்சிருக்கும். ரெண்டாவது பாக்கெட்ல தீவனமும், பொரிஞ்சது கண்ணுக்குத் தெரியுற மாதிரி சாயமும், கூடக் கொஞ்சம் முட்டையும். பிள்ளை கண்ணுக்கு "உடனே உயிர் வந்துடுச்சு!"

இந்த ரெண்டு பாக்கெட் வித்தையை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி வேணும்.

நான் இந்தக் கடல் குரங்குக்காக எவ்வளவு ஏங்கினேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. டாக்டர் ஆகி, குழந்தையும் பெத்து, தூத்துக்குடியில ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ, மீன்வளத்துறையில வேலை பாக்குற நண்பர் ஒருத்தர் உப்பளத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போனார். பாத்தித் தண்ணியில சிவப்பா ஏதோ துடிச்சுது. "இதுதான் சார் ஆர்ட்டீமியா. இறால் குஞ்சுக்குத் தீனி"ன்னார். நாடு விட்டு நாடு ஏங்கின என் ராஜ குடும்பம், தூத்துக்குடி உப்பளத்துல கேட்பாரில்லாமக் கிடந்துச்சு!

அதே பிரான்ஹட் இன்னொண்ணும் வித்தார். கண்ணுக்குத் தெரியாத தங்க மீன். கண்ணாடித் தொட்டி, தீவனம், வளர்க்குற முறைன்னு ஒரு கையேடு. மீன் உங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாதுன்னு நூறு சதவீத உத்தரவாதம். இவ்வளவு நேர்மையான உத்தரவாதத்தை என் சர்வீஸ்ல நான் எந்த டானிக் பாட்டில்லயும் பாத்ததில்ல.

எக்ஸ்ரே கண்ணாடியும் இவர் வித்ததுதான். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். போட்டுக்கிட்டா கை எலும்பு தெரியும்னு படம் போட்டிருக்கும். ஒரு பொண்ணு பக்கத்துல நிக்கிற மாதிரியும் போட்டிருக்கும். எதுக்குன்னு அப்போ எனக்குப் புரியல, என் கிளாஸ்ல மூர்த்திக்குப் புரிஞ்சுது. உள்ள இருந்தது ரெண்டு அட்டை, நடுவுல சின்ன ஓட்டை, ரெண்டு அட்டைக்கும் இடையில ஒரு பறவை இறகு. இறகோட நுண்ணிய இழைகள் வழியா வர்ற வெளிச்சம் வளைஞ்சு, ஒரு பொருளே கொஞ்சம் தள்ளித் தள்ளி ரெண்டாத் தெரியும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடம் மட்டும் கறுப்பா இருக்கும். கையைப் பாத்தா உள்ள எலும்பு தெரியுற மாதிரி ஒரு பிரமை. அவ்வளவுதான்.

இங்க ஒரு மருத்துவச் செய்தி. அந்தப் பொய்க் கண்ணாடியால யாருக்கும் ஒரு கெடுதலும் வரல. ஆனா அதே அமெரிக்காவுல, 1920-கள்ல இருந்து செருப்புக் கடையில நிஜமான எக்ஸ்ரே மிஷின் வெச்சிருந்தாங்க. பிள்ளைங்க காலை உள்ள விட்டா, ஷூவுக்குள்ள விரல் எலும்பு எப்படி உக்காந்திருக்குன்னு மேல இருந்து பாக்கலாம். அம்மா பாப்பாங்க, கடைக்காரர் பாப்பார், பிள்ளையும் பாக்கும். வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்ப விட்டுப் பாத்த பிள்ளைங்க எத்தனையோ. கதிர்வீச்சுன்னா என்னன்னு உறைச்சு, 1957-ல பென்சில்வேனியா மாநிலம் முதல்ல தடை போட்டுச்சு. அப்புறம்தான் மத்த மாநிலங்களும். அதனால, பின்னட்டையில வந்தது எல்லாம் பொய், கடையில பெரியவங்க முன்னாடி நடந்தது எல்லாம் பத்திரம்னு ஒரு கணக்கு கிடையாது.

மத்ததை வேகமா சொல்லிடுறேன். ஏழு அடி நீள "போலாரிஸ் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்", ஏழு டாலருக்கு ரெண்டு சென்ட் கம்மி. வந்தது அட்டைப் பெட்டி. பெட்டி நிறைய நூறு பொம்மைப் படைவீரர்கள். வந்தவங்க எல்லாரும் அப்பளம் மாதிரி தட்டை. அப்புறம் நிஜமான உயிருள்ள குரங்கு, தபால்ல! சுமார் 19 டாலர். இந்த ஒண்ணுக்கு மட்டும் நான் ஏங்கல. எங்க மொட்டை மாடியில வடாம் காய வெச்சா இலவசமாவே வரும்.

இப்போ முக்கியமான ஆளுக்கு வர்றேன். சார்லஸ் அட்லஸ்.

பழைய காமிக்ஸ் பாத்தவங்களுக்கு அந்தப் பக்கம் மறக்காது. சின்னப் படக்கதை. கடற்கரையில ஒல்லிப் பையன் ஒருத்தன், பக்கத்துல காதலி. ஒரு தடியன் வந்து முகத்துல மண்ணை எத்திட்டுப் போவான். பையன் பேர் மேக். வீட்டுக்குப் போய் நாற்காலியை உதைப்பான், அட்லஸுக்குக் கடுதாசி போடுவான். அடுத்த கட்டத்துல உடம்பு கட்டுமஸ்தா இருக்கும். திரும்பப் போய் தடியனுக்கு ஒரு குத்து. காதலி கையைப் பிடிச்சுக்குவா. நிஜ அட்லஸ் இத்தாலியில 1892-ல பொறந்தவர், பேர் ஏஞ்சலோ சிசிலியானோ. நியூயார்க் வந்து, 1921-ல ஒரு பத்திரிகை நடத்தின அழகான ஆண்மகன் போட்டியில ஜெயிச்சு, அடுத்த வருஷம் பேரையே மாத்திக்கிட்டார். தானும் ஒரு காலத்துல 97 பவுண்டு நோஞ்சானா இருந்தவன்தான்னு விளம்பரத்துல சொல்லுவார்.

97 பவுண்டுன்னா 44 கிலோ. அப்போ எனக்கு 13 வயசு, 31 கிலோ. கணக்கு போட்டுப் பாத்தேன். நோஞ்சான் ஆகுறதுக்கே எனக்கு இன்னும் 13 கிலோ வேணும்!

சிரிக்கிறீங்க. எனக்கும் இப்போ சிரிப்பு வருது. ஆனா அன்னிக்கு வரல. அந்தப் பக்கத்தைப் பாக்குற வரைக்கும் நான் ஒல்லின்னு எனக்குத் தெரியும், அது ஒரு குறைன்னு தெரியாது. பி.டி. வாத்தியார் "டேய் ஒட்டடைக்குச்சி"ன்னு கூப்பிடுறது பேரு மாதிரிதான் இருந்துச்சு. மேக்கைப் பாத்த பின்னாடிதான் அது காதுல வலிச்சுது. சட்டையைக் கழட்டிக் கண்ணாடி முன்னாடி நின்னது அந்த வாரம்தான். விலா எலும்பை எண்ணினேன். மெரினாவுக்குப் போனா ஈர மணல் பக்கமா நடப்பேன், யாராவது எத்தினா பறக்காதே!

அப்புறம் ஒரு ஏரோகிராம் வாங்கினேன். இங்கிலீஷ்ல எழுதினேன். "டியர் சார், மை ஏஜ் 13, மை வெயிட் 31 கேஜி, மை ஹைட் 4 ஃபீட் 8 இன்ச்சஸ்". பணம் எங்கேன்னு கேக்குறீங்களா? ஒரு டாலர் அப்போ எட்டு, ஒம்போது ரூபா. அதுவும் சாதாரண மனுஷன் வெளிநாட்டுக்கு டாலர் அனுப்ப முடியாது, ஃபெரா சட்டம். அதனால, "ஐ வில் பே ஆஃப்டர் கெட்டிங் ஜாப்"னு சேத்துக்கிட்டேன். ஒட்டி, அப்பா கிட்ட குடுத்தேன், ஆபீஸ் போற வழியில போட்டுடுங்கன்னு. அப்பா ரயில்வேயில கிளார்க். விலாசத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார், "சரி"ன்னு பையில வெச்சுக்கிட்டார்.

ரெண்டு மாசம் தபால்காரரை வாசல்லயே மறிச்சேன். அப்புறம் மறந்துபோச்சு. பத்தாவது பரீட்சை வந்துச்சு. குரல் உடைஞ்சுது. ஒரு வருஷத்துல பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல போச்சு. பிளஸ் டூ முடிக்கறப்போ 52 கிலோ, அஞ்சடி ஆறு.

அப்பா 2009-ல போனார். பீரோவுல எல்.ஐ.சி. பேப்பருக்கு நடுவுல அந்த ஏரோகிராம் இருந்துச்சு. ஒட்டினது ஒட்டினபடி. போடவே இல்ல மனுஷன். அன்னிக்குத்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுது. அந்தக் கடுதாசி குடுத்த வாரத்துல இருந்துதான் எங்க வீட்டுல எனக்கு தினம் ஒரு முட்டை வர ஆரம்பிச்சுது. ஏன்னு நான் கேட்டதே இல்ல. (அக்காவுக்கு முட்டை கிடையாது. அது தனிப் பஞ்சாயத்து. இன்னிக்கும் தீபாவளிக்குத் தீபாவளி நடக்கும்.)

இப்போ ஒரு டாக்டரா சொல்றேன். அட்லஸோட பாடம் சுத்த மோசடி கிடையாது. ஒரு தசையை இன்னொரு தசைக்கு எதிரா இறுக்குற பயிற்சி அது. செஞ்சா கொஞ்சம் பலம் வரத்தான் செய்யும். சூட்சுமம் வேற இடத்துல இருக்கு. அந்தக் காமிக்ஸைப் படிச்சவங்களுக்கு வயசு என்ன? பதினொண்ணுல இருந்து பதினஞ்சு. அந்த வயசுப் பையன் எதைச் செஞ்சாலும், ஒண்ணுமே செய்யாட்டியும், அடுத்த மூணு வருஷத்துல தோள் விரியும், தசை ஏறும், உயரம் கூடும். டெஸ்டோஸ்டிரான் தன் வேலையை ஓசியில செஞ்சு குடுக்கும். நான் கடுதாசியே போடாம 21 கிலோ ஏறினேன். போட்டு, பாடமும் வந்து, ரெண்டு மாசம் கையை இறுக்கியிருந்தேன்னு வைங்க. இன்னிக்கு வரைக்கும் "அட்லஸ் புண்ணியத்துல தேறினவன் நான்"னு சத்தியம் பண்ணியிருப்பேன். போட்டோவும் அனுப்பியிருப்பேன்.

கடல் குரங்கு முதல் பாக்கெட்லயே பொரிஞ்சாச்சு. பேர் மட்டும் ரெண்டாவது பாக்கெட்டுக்கு.

இனிமே பையன் கதை. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திருக்கேன்.

பதினாலரை வயசு. அம்மா கூட்டிட்டு வந்தாங்க. புகார் வயித்து வலி, அடிக்கடி லூஸ் மோஷன். விசாரிச்சா ஒரு பக்கம் அம்மா பேசுறாங்க, பையன் தரையைப் பாக்குறான். கொஞ்ச நேரம் அம்மாவை வெளிய உக்காரச் சொன்னேன். அப்புறம் சொன்னான். போன்ல ஒரு ரீல்ஸ். ஜிம் அண்ணா ஒருத்தர் "அஞ்சு மாசத்துல மூணு இன்ச்"னு ஒரு பவுடர் காட்டியிருக்கார். பையன் தாத்தா குடுத்த பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேத்து மூணு டப்பா வாங்கியிருக்கான். வீட்டுக்கு வந்தா மாட்டிக்குவான்னு ஃபிரெண்டோட அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கிட்ட இறக்கியிருக்கான். பால் சேராத வயிறு அவனுக்கு. பவுடர்ல பாதி பால் பொடி, மீதி சர்க்கரை மாதிரி ஒரு மாவு. தினம் நாலு ஸ்பூன். வயிறு வலிக்காம என்ன செய்யும்?

"கிளாஸ் போட்டோவுல கேர்ள்ஸ் வரிசையில நிக்க வெச்சாங்க சார்"னான். அவ்வளவுதான் சொன்னான்.

எனக்கு ஈர மணல் ஞாபகம் வந்துச்சு.

உயரம் 150 செ.மீ. அப்பா 164, அம்மா 152. ரெண்டையும் கூட்டி, பையன்னா 13 சேத்து, ரெண்டால வகுத்தா 164.5. ஏறக்குறைய அந்தப் பக்கம் இந்தப் பக்கமா அதுதான் அவன் போய்ச் சேர வேண்டிய இடம். பருவ மாற்றம் இப்போதான் எட்டிப் பாக்குது. அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன், "உங்களுக்கு எப்போ வளர்த்தி வந்துச்சு?"ன்னு. "எனக்கு காலேஜ் சேந்தப்புறம்தான் சார் மீசையே வந்துச்சு"ன்னார்.

இடது மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். நிஜ எக்ஸ்ரே. இறகு வெச்ச கண்ணாடி இல்ல. எலும்பு நுனியில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கும். அது மூடுற வரைக்கும்தான் உயரம். படத்தைப் பாத்து எலும்போட வயசைச் சொல்ல எங்ககிட்டயும் ஒரு அட்லஸ் இருக்கு. க்ரூலிக், பைல்னு ரெண்டு பேர் 1950-ல கொண்டுவந்த படப் புத்தகம். மண்ணெல்லாம் எத்தாது. அதுல பாத்தா பையனோட எலும்புக்கு வயசு பன்னிரண்டரைதான். அதாவது ரெண்டு வருஷம் லேட்டா வர்ற ரயில். ஆனா வரும். தமிழ்ல சொன்னா, அப்பா மாதிரி தாமதமா வளர்ற பையன். நோய் கிடையாது. இன்னும் கொஞ்ச நாள்ல, வருஷத்துக்கு 8, 10 செ.மீ.ன்னு ஏறுற காலம் அவனுக்குக் காத்திருக்கு.

புரியுதா? பவுடர் குடிச்சாலும் ஏறுவான், குடிக்காட்டியும் ஏறுவான். வயிறு மட்டும் ஒத்துழைச்சிருந்தா, அடுத்த வருஷம் அதே ஜிம் அண்ணாவோட ரீல்ஸ்ல இந்தப் பையன்தான் "எனக்கு வேலை செஞ்சுது ப்ரோ"ன்னு நின்னிருப்பான். பொய்யே சொல்லாம!

உங்ககிட்ட நான் சொல்ல வந்தது இதுதான். பழைய விளம்பரத்தைப் பாத்து நாம சிரிக்கிறோமே, ஏமாறாத தலைமுறைங்கிறதால சிரிக்கல. அதே ஏமாத்து வேலை இன்னும் நடக்குது. அன்னிக்கு நம்மளைக் காப்பாத்தினது நம்ம புத்தியா? இல்லவே இல்ல. டாலர் இல்லாதது, கடல் தூரம், ஆறு வாரம் எட்டு வாரம் காத்திருப்பு, நடுவுல ஒரு அப்பா. உள்ளூர் விளம்பரமா இருந்தாலும் வி.பி.பி.யில வரும், தபால்காரர் அம்மா கையில காசு வாங்கிட்டுத்தான் பார்சலைக் குடுப்பார். பையன் ஆசைக்கும் பொட்டலத்துக்கும் நடுவுல ஒரு பெரிய ஆள் நிச்சயம் இருப்பாங்க. இன்னிக்கு அந்த ஆள் செக்யூரிட்டி அண்ணன்.

இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு சூப்பர்மேன் முடிஞ்சு பக்கம் திருப்பினா விளம்பரம். கதை வேற, வியாபாரம் வேறன்னு பிள்ளைக்கே தெரியும். இன்னிக்கு பவுடர் விக்கிறதே அவனோட ஹீரோதான். தினம் காலையில "தம்பி, எந்திரிச்சியா"ன்னு பேசுற ஆள். எங்க பக்கம் திருப்புறது?

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, 1954-ல இருந்தே இருக்கு. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். இதுக்கெல்லாம் மருந்துன்னு விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு 54 விஷயங்களோட ஒரு பட்டியல் அதுல உண்டு. மனுஷனோட உயரமும் அந்தப் பட்டியல்ல இருக்கு! ஆனா டப்பாவுல மருந்துன்னு எழுதினாத்தானே? "ஊட்டச்சத்து"ன்னு எழுதினா உணவு ஆயிடுது. 2024-ல மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைன் கடைகள்ல மால்ட் பானங்களை "ஹெல்த் டிரிங்க்"னு ஒரு தலைப்புக்குக் கீழ போடாதீங்கன்னு சொல்லவேண்டி வந்துச்சு. ஹெல்த் டிரிங்க்னு ஒண்ணு நம்ம உணவுச் சட்டத்துலயே கிடையாது. நாம மூணு தலைமுறையா ஆத்திக் குடிச்சிட்டிருக்கோம்.

பயமுறுத்துறதுக்காக இல்ல, தெரிஞ்சு வெச்சுக்கங்க: சில சமயம் லேபிள்ல சொல்லாத ஸ்டீராய்டு கலந்த சரக்கும் சந்தையில சுத்துது. உடம்பு ஏத்துற வகை ஸ்டீராய்டு வளர்ச்சித் தட்டைச் சீக்கிரமே மூட வெச்சுடும். உயரத்துக்குன்னு வாங்கினது உயரத்தையே முடிச்சு வெச்சிடும். யார் செஞ்சதுன்னு விலாசம் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க.

டாக்டரை எப்போ பாக்கணும்? அஞ்சு வயசுக்கு மேல, பருவத்துக்கு முன்னாடி, வருஷத்துக்கு 5 செ.மீ.கூட ஏறலன்னா. பதினாலு ஆகியும் பையனுக்கும், பதிமூணு ஆகியும் பொண்ணுக்கும் பருவ மாற்றம் தொடங்கலன்னா. நல்லா வளந்துட்டிருந்த பிள்ளை திடீர்னு நின்னா. உயரக் குறைவோட தலைவலி, பார்வைக் குறைவு, அடிக்கடி வயித்துப்போக்கு இருந்தா. இதுல சிலதுக்கு நிஜமான வைத்தியம் இருக்கு, ஆனா காலத்துல வரணும். டப்பா டப்பாவா குடிச்சு வருஷத்தை ஓட்டிட்டு வளர்ச்சித் தட்டு மூடின பிறகு வந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. எனக்கு ஆத்திரம் வர்றது டப்பா விலைக்காக இல்லீங்க, போன அந்த வருஷத்துக்காக.

சுவத்துல பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா. அதுக்குக் காசு கிடையாது. பிள்ளையே டப்பாவைக் காட்டி "வாங்கிக் குடு"ன்னு கேட்டா திட்டாதீங்க. ஸ்கூல்ல யார் என்ன சொன்னாங்கன்னு கேளுங்க.

பையனுக்கு அடுத்த தடவை வந்தப்போ என் டிரங்குப் பெட்டி காமிக்ஸைக் காட்டினேன். மேக் முகத்துல மண்ணு விழுற பக்கம். விழுந்து விழுந்து சிரிச்சான். "சார், இதையா நம்புனீங்க?"ன்னான். நம்பினேன்டான்னு ஏரோகிராமையும் எடுத்துக் காட்டினேன். 31 கேஜிங்கிற இடத்துல நிறுத்தி, என்னை ஒரு தடவை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தான். இப்போ என் தொப்பை அந்த எடைக்குப் பாதியாவது இருக்கும். பால் நிறுத்தின பிறகு வயித்து வலியும் இல்ல. தயிர் ஒத்துக்குது. முட்டை, பயறு, கடலைன்னு எழுதிக் குடுத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல போன் கூடாதுன்னு அவனே ஒரு ஒப்பந்தம் போட்டான். எத்தனை நாள் நிக்குமோ தெரியாது.

கிளம்பறப்போ அம்மா கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாங்க. கொஞ்சம் தயக்கம். "டாக்டர், ஒன்றரை டப்பா மிச்சம் இருக்கு. ஆயிரத்து எண்ணூறு ரூபா சாமான். வீணாத்தானே போகுது… சின்னவனுக்குக் கலந்து குடுக்கலாமா?"